14 வினாடி தாமதம்: கால்பந்து கேள்வி பதில்

டிரான்ஸ்ஃபர் விண்டோ, அதாவது வீரர்கள் கிளப் மாற அனுமதிக்கப்படும் காலம், மூடியதும் உங்கள் கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் வீரர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மீதிப் பேர் எங்களைப் பற்றி, அதாவது செய்தி எழுதுகிறவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சிலர் கோபமாகவே கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கோபம் நியாயமானது. இரண்டு வகைக் கேள்விகளையும் கலந்தே எடுத்துக்கொள்கிறேன். டிரான்ஸ்ஃபர் பேரத்தில் ஒரு பகுதி எங்கள் பக்கங்களில்தான் நடக்கிறது.

கே: விண்டோ திறந்து இரண்டு மாதத்துக்கு மேல் நேரம் இருக்கிறது. அப்படியும் கடைசி நாள் ராத்திரி வரைக்கும் இழுக்கிறார்களே, ஏன் சார்?

ப: ஒரு டிரான்ஸ்ஃபர் தனியாக நடப்பதில்லை. ஒரு கிளப்பின் மிட்ஃபீல்டர் (நடுக்கள வீரர்) கிளம்ப வேண்டுமென்றால் அவர் இடத்துக்கு ஒருவர் வர வேண்டும். வரப்போகிறவரை அவருடைய கிளப் விட வேண்டுமென்றால் அங்கேயும் ஒருவர் வர வேண்டும். வரிசையில் யாராவது ஒருவர் சம்பளத்தில் பிடிவாதம் பிடித்தால் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் காத்திருக்க வேண்டியதுதான். கடைசி நாளில் எதிராளி இறங்கி வருவான் என்று வேண்டுமென்றே இழுக்கிறவர்களும் உண்டு.

2017 ஆகஸ்ட் 31 அன்று லெஸ்டர் சிட்டியின் டேனி டிரிங்க்வாட்டர் செல்சிக்குப் போனார். லெஸ்டர் நடுக்களத்துக்கு ஒருவர் வேண்டும். லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கிளப்பில் இருந்த ஆட்ரியன் சில்வாவோடு எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. முந்தைய வருடம் யூரோ கோப்பை வென்ற போர்ச்சுகல் அணியில் இருந்தவர் அவர். பத்திரங்கள் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் கணினிப் பதிவில் ஏறியபோது கெடு முடிந்து 14 வினாடி ஆகியிருந்தது. ஃபிஃபா ஏற்கவில்லை. பழைய கிளப்பில் இடம் இல்லை, புது கிளப்பில் ஆட அனுமதி இல்லை. நான்கு மாதம் பயிற்சி மட்டும் செய்துவிட்டு 2018 ஜனவரி 1 அன்றுதான் களத்தில் இறங்கினார். அடுத்த வருடம் உலகக் கோப்பை இருக்கிற ஒரு வீரருக்கு அந்த நான்கு மாதம் என்னவாக இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இதற்கு நேர் மாறாகவும் நடந்திருக்கிறது. 2015 ஆகஸ்ட் 31. மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் டேவிட் டி கேயா ரியல் மாட்ரிட்டுக்குப் போக வேண்டும், மாட்ரிட்டின் கெய்லர் நவாஸ் மான்செஸ்டருக்கு வர வேண்டும். நள்ளிரவுக்குள் காகித வேலை முடியவில்லை. மறுநாள் இரண்டு கிளப்பும் அறிக்கை விட்டு ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டார்கள். போகாமல் மாட்ரிட்டிலேயே தங்கிய நவாஸ் 2016, 2017, 2018 என்று தொடர்ச்சியாக மூன்று முறை ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் பட்டம் வென்றார்.

கே: அமெரிக்க ஃபுட்பாலில் 'டிரேட்' என்று ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்கிறார்கள். நம் கால்பந்தில் ஏன் அது அபூர்வமாக இருக்கிறது?

ப: நல்ல கேள்வி. விடை ஒப்பந்தத்தில் இருக்கிறது. அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில் ஒரு வீரரின் ஒப்பந்தத்தை அப்படியே தூக்கி இன்னொரு அணியிடம் கொடுத்துவிடலாம். 'என் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது' என்று எழுதி வாங்கியிருக்கிற சில பெரிய நட்சத்திரங்களைத் தவிர மற்றவர்களிடம் கேட்க வேண்டியதில்லை. அங்கே அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. கல்லூரியிலிருந்து வரும் இளைஞர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் உண்டு. அந்த 'முறை'யையும் கைமாற்றலாம். அதனால் பேரத்தில் பணத்தைவிட எதிர்காலத் தேர்வு உரிமைதான் நாணயம்.

இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் 1989 அக்டோபர் 12. டல்லாஸ் கவ்பாய்ஸ் தங்களிடமிருந்த ஒரே பெரிய நட்சத்திரம் ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டா வைக்கிங்ஸுக்கு அனுப்பினார்கள். வீரர்கள், டிராஃப்ட் உரிமைகள் எல்லாம் சேர்ந்து 18 உருப்படிகள் கைமாறின. அந்த சீசனில் டல்லாஸ் 16 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் கண் தன்னிடம் வந்த வீரர்கள் மேல் இல்லை. அவர்களை விடுவித்தால் அந்த இடத்துக்குக் கிடைக்கும் டிராஃப்ட் உரிமைகள் மேல் இருந்தது. அவற்றை வைத்துக் கட்டிய அணி 1992, 1993, 1995 சீசன்களில் அந்த லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றது.

நம் ஆட்டத்தில் வீரர் கிளப் மாறினால் பழைய ஒப்பந்தம் அங்கேயே முடிந்துவிடும். புது கிளப்போடு புதிதாக ஒப்பந்தம் போட வேண்டும், அதற்கு அவர் கையெழுத்து வேண்டும். இரண்டு பேரை மாற்றிக்கொள்வதென்றால் இரண்டு கிளப், இரண்டு வீரர், இரண்டு ஏஜென்ட், இரண்டு குடும்பம் ஒரே நேரத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் அபூர்வம்.

நடந்தவற்றில் எனக்கு மறக்க முடியாதது 2009-ல் நடந்தது. ஒரே சீசனில் மூன்று பெரிய கோப்பைகளை வென்று முடித்த கையோடு பார்சலோனா சாமுவேல் எட்டோவை இன்டர் மிலானுக்கு அனுப்பி, கூடவே 4 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்சைக் கொண்டுவந்தது. மறு வருடம் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இன்டர் பார்சலோனாவையே தோற்கடித்து, பிறகு கோப்பையையும் வென்றது. இன்டருக்கும் அந்த வருடம் மூன்று கோப்பை. எட்டோ அடுத்தடுத்து இரண்டு வருடம், இரண்டு கிளப்பில் மும்முடி சூடினார். இப்ராஹிமோவிச் ஒரே வருடத்தில் பார்சலோனாவை விட்டுக் கிளம்பினார்.

கே: 22 கோடி யூரோ! நெய்மார் போனதற்குக் கிடைத்த அந்தப் பணத்தில் பார்சலோனா பத்து வருடம் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாமே?

ப: சாப்பிட்டிருக்கலாம். ஆனால் கையில் பணம் இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்தபிறகு எதிராளி கேட்கிற தொகையே வேறு. 2017 ஆகஸ்டில் வந்தது 22.2 கோடி யூரோ. ஸ்பெயினில் ஒவ்வொரு வீரரின் ஒப்பந்தத்திலும் 'இந்தத் தொகையைக் கட்டினால் போகலாம்' என்று ஒரு விடுவிப்புத் தொகை எழுதியிருக்க வேண்டும். யாரும் கட்ட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு பெரிய எண்ணை எழுதுகிறார்கள். நெய்மாரை அழைத்த பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் கிளப் கட்டிவிட்டது. முதலில் நெய்மாரின் வழக்கறிஞர்கள் ஸ்பெயின் லீக் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வாங்க மறுத்தார்கள். நேராகப் பார்சலோனா அலுவலகத்துக்கே போய்க் கட்டினார்கள்.

அந்த மாதமே பார்சலோனா உஸ்மான் டெம்பெலேவுக்கு 10 கோடிக்கு மேல் கொடுத்தது. ஜனவரியில் ஃபிலிப் கூட்டின்யோவுக்கு அதைவிட அதிகம். அதோடு பணம் தீர்ந்தது. 2020 ஆகஸ்டில் பயர்ன் மியூனிக் பார்சலோனாவை 8-2 என்று நொறுக்கியபோது கடைசி இரண்டு கோல்களை அடித்தது கூட்டின்யோ. பார்சலோனாதான் அவரை பயர்னுக்கு லோனில், அதாவது தற்காலிகமாக ஆட, அனுப்பியிருந்தது.

கே: ஆர்தரும் பியானிச்சும் கிளப் மாற்றிக்கொண்டபோது ஒருவருக்கு 7.2 கோடி, இன்னொருவருக்கு 6 கோடி என்று எழுதினீர்கள். வித்தியாசத்தை மட்டும் கொடுத்தால் போதாதா? ஏன் இவ்வளவு பெரிய எண்கள்?

ப: இந்தக் கேள்வியை அனுப்பியவர் கணக்கு தெரிந்தவர் என்று நினைக்கிறேன். 2020-ல் ஆர்தர் பார்சலோனாவிலிருந்து யுவென்டஸ் போனார், மிராலெம் பியானிச் எதிர்த்திசையில் வந்தார். நிஜத்தில் கைமாற வேண்டிய பணம் 1.2 கோடி யூரோதான். ஆனால் கணக்குப் புத்தகம் வேறு மாதிரி வேலை செய்கிறது.

வீரர் வெளியே போகும்போது வரும் தொகை அந்த வருடக் கணக்கிலேயே வரவாக ஏறிவிடும். உள்ளே வருகிறவருக்கான தொகையோ ஒப்பந்த வருடங்களால் வகுக்கப்பட்டு வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகும். ஐந்து வருட ஒப்பந்தம் என்றால் 7.2 கோடி, வருடத்துக்கு 1.44 கோடியாகச் சுருங்கிவிடும். ஆக இரண்டு கிளப்பும் ஒரே நாளில் லாபம் காட்டலாம். அந்த லாபத்துக்கு வங்கியில் காசு இருக்க வேண்டியதில்லை. 30 வயது பியானிச் பார்சலோனாவில் ஒரு சீசன்தான் ஆடினார்.

செல்சி இதே வகுத்தலை இன்னொரு விதமாகப் பயன்படுத்தியது. என்ஸோ ஃபெர்னாண்டஸை 2023 ஜனவரியில் சுமார் 10.7 கோடி பவுண்டுக்குச் சேர்த்தபோது எட்டரை வருட ஒப்பந்தம் போட்டார்கள். வகுக்கும் எண் பெரிதானால் வருடச் செலவு சின்னதாகும். உடனே ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ விழித்துக்கொண்டு 'எத்தனை வருட ஒப்பந்தமானாலும் ஐந்தால்தான் வகுக்க வேண்டும்' என்று விதி கொண்டுவந்தது. அந்த வருட டிசம்பரில் பிரீமியர் லீகும் அதையே செய்தது. இத்தாலியில் டிரான்ஸ்ஃபர் லாபங்களைச் செயற்கையாகக் காட்டியதாகத் தொடரப்பட்ட வழக்கில் யுவென்டஸ் 2022-23 சீசனில் 10 புள்ளிகளை இழந்தது.

நான் வேலைக்கு வந்தபோது ஆஃப்சைடு விதி தெரிந்தால் போதும். இப்போது டெஸ்கில் சேரும் பிள்ளைகளிடம், முதலில் ஒரு வரவு செலவு அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன்.

கே: உங்கள் அபிமான கிளப் எது? மழுப்பாமல் சொல்லுங்கள்.

ப: நான் நேரில் பார்க்கிற ஆட்டத்தில், அன்றைக்குப் பின்தங்கி இருக்கிற அணி. மழுப்பவில்லை, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கே: ஐயா, ஒரு பையனைப் பத்து வயதிலிருந்து வளர்த்த சின்ன கிளப்புக்கு இந்தக் கோடிகளில் ஏதாவது கிடைக்கிறதா?

ப: கிடைக்கிறது. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒரு வீரர் நாடு விட்டு நாடு போய் கிளப் மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 2001 முதல் இருக்கிறது. 12 வயது முதல் 23 வயது வரை எந்தக் கிளப்பில் எத்தனை சீசன் இருந்தார் என்று பார்ப்பார்கள். 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு சீசனுக்கும் மொத்தத் தொகையில் 0.25 சதவீதம். அதற்கு மேல் ஒவ்வொரு சீசனுக்கும் 0.5 சதவீதம்.

சின்னதாகத் தெரிகிறதா? 10 கோடி யூரோ டிரான்ஸ்ஃபரில், அந்தப் பையன் 12 முதல் 15 வரை ஆடிய கிளப்புக்கு 10 லட்சம் யூரோ. ஒரு சின்ன கிளப் புல்தரை போட்டு, விளக்கு மாட்டி, பல வருடத்துக்குப் பயிற்சியாளர் சம்பளமும் கொடுத்துவிடலாம். நீண்ட நாளாக இந்தப் பணம் பல இடங்களில் போய்ச் சேரவே இல்லை. தனக்குப் பாக்கி இருக்கிறது என்பதே சின்ன கிளப்புக்குத் தெரியாது. 2022 இறுதியில் பாரிஸில் இந்தப் பணத்தைப் பட்டுவாடா செய்ய ஓர் அலுவலகம் திறந்து, ஃபிஃபாவே கணக்குப் போட்டு அனுப்பத் தொடங்கியது. இந்த விளையாட்டின் நிர்வாகத்தில் மனதாரப் பாராட்டக்கூடிய காரியங்களில் அது ஒன்று. இதில் பிறப்புச் சான்றிதழைப் போலவே முக்கியமான காகிதம் ஒன்று உண்டு. 12 வயதில் பையன் எங்கே பதிவு செய்யப்பட்டிருந்தான் என்ற ரசீது. சிறுவர் அணி நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து பதிவேட்டைப் பத்திரமாக வையுங்கள்.

கே: எந்த டிரான்ஸ்ஃபர் செய்தி உண்மை, எது கட்டுக்கதை என்று எங்களைப் போன்ற ரசிகர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: வினைச்சொல்லைப் பாருங்கள். 'கண்காணிக்கிறது' என்றால் ஒன்றுமே இல்லை. பெரிய கிளப் ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பேரைக் கண்காணிக்கிறது. 'ஆர்வம் காட்டுகிறது' என்பது பெரும்பாலும் ஏஜென்ட் வாயிலிருந்து வருவது. அவருடைய வீரருக்கு இப்போதைய கிளப்பில் சம்பளம் கூட வேண்டும், அல்லது மூன்றாவது கிளப் ஒன்றை உசுப்பிவிட வேண்டும். 'தொகை குறிப்பிட்டு எழுத்தில் அனுப்பியது' என்றால் நிமிர்ந்து உட்காரலாம். 'மருத்துவப் பரிசோதனை' என்று வந்தாலும் முழுதாக நம்பிவிடாதீர்கள். 2018 ஜூனில் லியோன் வீரர் நபில் ஃபெகிர் லிவர்பூலுக்காகப் பரிசோதனை முடித்து, அந்த ஜெர்சி போட்டுப் பேட்டியும் கொடுத்துவிட்டார். அப்புறம் எல்லாம் கலைந்துவிட்டது. அடுத்த வருடம் அவர் ஸ்பெயினின் ரியல் பெட்டிஸுக்குப் போனார்.

அடுத்து, எத்தனை இடத்தில் வந்திருக்கிறது என்று எண்ணாதீர்கள். எங்கிருந்து கிளம்பியது என்று பாருங்கள். 2009 ஜனவரியில் லண்டனின் தி டைம்ஸ் நாளிதழ் வளர்ந்துவரும் 50 இளம் வீரர்களின் பட்டியல் போட்டது. 30-ஆம் இடத்தில் மசால் பக்துவ் என்ற 16 வயது மால்டோவா வீரர். ஆர்சனலுக்குப் போகக்கூடும் என்று குறிப்பு வேறு. அப்படி ஒரு பையனே உலகத்தில் இல்லை. யாரோ பொழுதுபோகாமல் இணையக் கலைக்களஞ்சியத்திலும் ரசிகர் பக்கங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக அவனைப் பற்றி எழுதி வைத்திருந்தார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்தார், அதை மூன்றாமவர் எடுத்தார். அந்தப் பெயரை ஐரிஷ் மொழியில் உச்சரித்தால் 'என் சின்ன கறுப்புக் கழுதை' என்று வரும்.

இதைப் படித்து எங்கள் டெஸ்கில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பட்டியல் அன்று இரவு எங்களுக்குச் செய்தி ஏஜென்சி வழியாக வந்திருந்தால், நான் அப்படியே தமிழில் பெயர்த்துப் பக்கத்தில் வைத்திருப்பேன்.

கே: 26 வருடமாக எழுதுகிறீர்கள். நீங்கள் தப்பாகப் போட்ட டிரான்ஸ்ஃபர் செய்தி உண்டா? உண்மையைச் சொல்ல முடியுமா?

ப: உண்டு. அது நடந்து பல வருடமாகிறது. அந்த வீரர் இப்போது ஆடுவதில்லை. அதனால் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

ராத்திரி ஒன்பதே முக்கால். பக்கம் அச்சுக்குப் போகப் பத்தரை. ஒரு ஏஜென்ட் போன் பண்ணினார். அவருடைய மிட்ஃபீல்டர் வேறு கிளப்புக்குப் போகிறார், கையெழுத்தாகிவிட்டது, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன் என்றார். 'உங்களுக்கு மட்டும்' என்ற சொல்லுக்கு ஒரு போதை உண்டு. எங்கள் விளையாட்டுப் பகுதி ஆசிரியர் என்னிடம் எப்போதும் இரண்டு கேள்வி கேட்பார். யார் சொன்னது? சொன்னதில் அவருக்கு என்ன லாபம்? அன்றைக்கு அவர் விடுப்பு. நான் இரண்டையும் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. வீரரின் நம்பர் என் டைரியில் இருந்தது. கூப்பிட்டால் அவர் மறுத்துவிடுவாரோ, செய்தி போய்விடுமோ என்று கூப்பிடவில்லை. 'சேர்ந்தார்' என்றே தலைப்புப் போட்டேன்.

காலையில் ஏழு மணிக்கு அந்த வீரர் கூப்பிட்டார். கத்தவில்லை. "அண்ணே, நான் எங்கேயும் கையெழுத்துப் போடலை. எங்க அப்பா டீக்கடையில பேப்பர் பார்த்துட்டு, ஏண்டா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலைன்னு அழுதுட்டாரு" என்றார். பேச்சு வெறும் தொடக்க நிலையில் இருந்திருக்கிறது. இருந்த கிளப்பில் சம்பளத்தை ஏற்ற ஏஜென்டுக்கு என் தலைப்பு தேவைப்பட்டிருக்கிறது. சம்பளம் ஏறவில்லை. கிளப் நிர்வாகம் அந்தப் பையன் விசுவாசமில்லாதவன் என்று முடிவுகட்டி, அடுத்த ஆறு ஆட்டங்கள் பெஞ்சில் உட்கார வைத்தது.

மறுநாள் பக்கத்தின் மூலையில் நாலு வரி திருத்தம் போட்டோம். தப்பு எட்டுப் பத்தி அகலத்தில் வந்தது, திருத்தம் ஒற்றைப் பத்தி அகலத்தில் வந்தது. நான் அவர் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, "நீங்க நல்லாத்தான் எழுதுறீங்க தம்பி. எம்மவன்கிட்ட ஒரு போன் பண்ணியிருக்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து அந்த ஒரு போனைப் பண்ணாமல் எந்த வீரரின் மாற்றத்தையும் நான் எழுதியதில்லை. செய்தி கைநழுவிப் போயிருக்கிறது, பலமுறை. போகட்டும்.

கே: டிரான்ஸ்ஃபர் செய்தி போடும் இத்தாலிக்காரர் ஃபப்ரிசியோ ரொமானோ 'ஹியர் வி கோ' என்று போட்டால்தான் நாங்கள் நம்புகிறோம். அவர் செய்வது பத்திரிகைத் தொழிலா, இல்லையா? என் நண்பனோடு பந்தயம்.

ப: பந்தயத்தில் நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. என் பதில்: ஆமாம், பத்திரிகைத் தொழில்தான். நாள் முழுக்கப் போனில் கிளப் நிர்வாகிகள், ஏஜென்ட்கள், இடைத்தரகர்கள் என்று பேசி, முடிந்தது என்று உறுதியானபிறகு மட்டும் அந்த மூன்று வார்த்தையைப் போடுவது பெரிய உழைப்பு. அந்த வார்த்தையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார் என்பதால்தான் நீங்கள் நம்புகிறீர்கள்.

ஆனால் அவர் சொல்வது நாளைக்கோ நாளன்றைக்கோ கிளப்பே அறிவிக்கப்போகிற செய்தி. யாருமே அறிவிக்க விரும்பாத செய்தியைத் தேடிப் போகிறவர்கள் வேறு. ஆண்ட்ரூ ஜென்னிங்ஸ் என்று ஒரு பிரிட்டிஷ் நிருபர் இருந்தார். 2002-ல் ஜூரிச்சில், கோட்டு சூட்டு போட்ட கூட்டத்துக்கு நடுவில் எழுந்து ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டரிடம், நீங்கள் எப்போதாவது லஞ்சம் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டார். பிளாட்டர் மறுப்பார் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கேள்வி உண்மையில் அந்தக் கட்டடத்தில் மனம் வெதும்பி வேலை பார்க்கிறவர்களுக்குப் போட்ட தூண்டில். சில வாரங்களில் உள்ளேயிருந்து ஆவணங்கள் வரத் தொடங்கின. ஃபிஃபா அவரைத் தன் செய்தியாளர் கூட்டங்களுக்குள் விடாமல் தடை போட்டது. 2015 மே 27 அதிகாலை ஜூரிச் ஓட்டலில் ஃபிஃபா அதிகாரிகள் கைதானபோது அவர் பல வருடம் தனியாக எழுதிவந்தது உலகச் செய்தியானது. 2022-ல் காலமானார்.

ரொமானோவைப் பின்தொடருங்கள். ஜென்னிங்ஸ் எழுதியதையும் தேடிப் படியுங்கள். பந்தயத் தொகையைச் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கே: ஒரு விஷயம் கவனித்தேன். மற்ற எல்லோரும் 'இந்த கிளப் அவரை வாங்கியது', 'விற்றது' என்று எழுதுகிறார்கள். நீங்கள் மட்டும் 'சேர்ந்தார்', 'போனார்' என்றே எழுதுகிறீர்கள். வேண்டுமென்றேயா?

ப: வேண்டுமென்றேதான். கவனித்ததற்கு நன்றி. இதுவரை யாரும் கேட்டதில்லை.

இங்கிலாந்தில் 1960-ல் ஜார்ஜ் ஈஸ்தம் என்ற வீரர் நியூகாசிலை விட்டுப் போக விரும்பினார். ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஆனாலும் கிளப் விடவில்லை. அன்றைய விதிப்படி ஒப்பந்தம் முடிந்தாலும் வீரரின் பதிவைக் கிளப் தன் கையிலேயே வைத்துக்கொள்ளலாம், சம்பளம் கூடக் கொடுக்காமல். வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் யாருக்கும் சம்பளமே கூடாது என்று வரம்பு வேறு. ஈஸ்தம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போனார். கடைசியில் ஆர்சனலுக்குப் போக விட்டார்கள். அதோடு அவர் நிறுத்திக்கொள்ளாமல் வழக்கைத் தொடர்ந்தார். 1963-ல் நீதிபதி அந்த விதி ஒரு மனிதன் தொழில் செய்வதை நியாயமின்றித் தடுக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார்.

அதற்கு 27 வருடம் கழித்தும் பெல்ஜியத்தில் ஜான்-மார்க் பொஸ்மான் அதே கதவைத் தட்ட வேண்டியிருந்தது. 1990-ல் லியேஜ் கிளப்போடு ஒப்பந்தம் முடிந்தது. பிரான்சின் டன்கிர்க் கிளப் அழைத்தது. ஒப்பந்தம் முடிந்தவருக்கும் தொகை வேண்டும் என்று லியேஜ் பிடித்துக்கொண்டது. ஐந்து வருடம் நீதிமன்றம். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இன்று ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாகக் கிளப் மாறுகிற ஒவ்வொரு ஐரோப்பிய நட்சத்திரமும் அவருக்குக் கடன்பட்டவர். அவருடைய சொந்த ஆட்ட வாழ்க்கையோ அந்த ஐந்து வருடத்தில் கரைந்துபோயிற்று.

இன்னொரு பெயர் சொல்கிறேன். எமிலியானோ சாலா. அர்ஜென்டினாக்காரர், 28 வயது. பிரான்சின் நான்ட் கிளப்பிலிருந்து கார்டிஃப் சிட்டிக்குப் போகிறார், 1.5 கோடி பவுண்டு, கார்டிஃப் கிளப்பின் வரலாற்றில் அதுவரை அதிகமான தொகை என்று 2019 ஜனவரியில் நானும் எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, பழைய நண்பர்களிடம் விடைபெற நான்ட் திரும்பினார். ஜனவரி 21 இரவு கார்டிஃபுக்குக் கிளம்பிய சின்ன விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. விமானியும் அவரும் இறந்தார்கள். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? டிரான்ஸ்ஃபர் தொகையைக் கொடுக்க வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு கிளப்பும் பல வருடம் வழக்காடின.

அந்த வாரம் என் பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நாலு பத்தியில் மூன்று பத்தி தொகையைப் பற்றி இருந்தது. அவர் எப்படி ஆடுவார், எங்கே பிறந்தார், ஏன் போக முடிவு செய்தார் என்று ஒரு வரி இல்லை. அன்றிலிருந்து 'வாங்கியது', 'விற்றது' என்ற இரண்டு சொல்லையும் விட்டுவிட்டேன். மாறுவது ஒரு பதிவு, ஒரு ஒப்பந்தம். ஆள் அல்ல.

கே: போர்ச்சுகல் வீரர் ஃபீகோ பார்சலோனாவிலிருந்து அதன் பரம எதிரியான ரியல் மாட்ரிட்டுக்குப் போனது துரோகம்தானே?

ப: 2000-ல் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு வரைக்கும், போக மாட்டேன் என்று பேட்டி கொடுத்தார். அதற்காகக் கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு. 2002-ல் மாட்ரிட் அணியோடு பார்சலோனாவுக்கு ஆட வந்து அவர் கார்னர் அடிக்கப் போனபோது மைதானத்துக்குள் பன்றித் தலையை எறிந்தார்களே, அதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

கே: பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறேன் அண்ணா. கால்பந்து நிருபராக வேண்டும். இப்போதே என்ன செய்யலாம்?

ப: மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்த ஒரு டிரான்ஸ்ஃபரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரபலமானதாக இருக்க வேண்டாம். அது நடந்த மாதம் வந்த செய்திகளைத் தேடி நாள்வாரியாக நோட்டில் எழுதுங்கள். எது உண்மையானது, எது பொய்த்தது, பொய்த்ததை யார் கிளப்பியிருப்பார்கள், அதில் யாருக்கு லாபம் என்று பக்கத்தில் குறியுங்கள். பிறகு அந்த வீரர் ஆடிய ஒரு முழு ஆட்டத்தைப் பாருங்கள். பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும், 90 நிமிடமும். பந்து தன்னிடம் இல்லாதபோது அவர் என்ன செய்கிறார் என்று எழுதுங்கள்.

இரண்டையும் சேர்த்து 600 வார்த்தையில் ஒரு கட்டுரை எழுதி எனக்கு அனுப்புங்கள். சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறேன். பொதுத் தேர்வு முடிந்தபிறகு போதும், அவசரம் இல்லை.